பள்ளி ஆசிரியரின் பணித்திறன் மேம்பாடு: வகுப்பறைக் கேள்வியிலிருந்து பணிப்பதிவேடு வரை

பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் கோப்பைப் புரட்டினால், அதில் முப்பது நாற்பது பங்கேற்புச் சான்றிதழ்களாவது இருக்கும். அவற்றுள் எந்தப் பயிற்சி உங்கள் பாடம் நடத்தும் முறையை மாற்றியது என்று கேட்டால், பெரும்பாலோர் ஒன்றிரண்டைச் சொல்வார்கள். சிலர் சற்று யோசித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஒன்றிய அளவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்தில் சில ஆண்டுகள் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து, அந்தப் பயிற்சிகளை நடத்தியவர்களுள் ஒருவன் என்ற முறையில் அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கும் தெரியும்.

கோத்தாரி கல்விக் குழு 1966இல் அளித்த அறிக்கையிலேயே, ஐந்தாண்டுப் பணிக்கு இரண்டு மூன்று மாத அளவுக்காவது ஒவ்வோர் ஆசிரியருக்கும் பணியிடைப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. தமிழ்நாடு அக்கொள்கையை ஏற்காமல் 2025 ஆகஸ்டில் தனக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது வேறு விவாதம். ஆனால் 50 மணி நேரம் என்பதைத் தனிப்பட்ட அளவுகோலாக எவரும் வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஆறு மணி நேரம் என்று கணக்கிட்டால் அது எட்டு நாள் சொச்சம்தான். அந்த எட்டு நாட்களை எங்கே, எதற்காகச் செலவிடுவது என்பதைப் பற்றியே இந்த வழிகாட்டி பேசுகிறது. முதன்மையாகத் தமிழ்நாட்டு அரசு, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குப் பொருந்துவனவற்றை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

படி 1: உங்கள் வகுப்பிலிருந்து ஒரு கேள்வியை எடுங்கள்

பயிற்சி அறிவிப்பைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்பத் தேவையைத் தேடுவதே நம்மிடம் உள்ள வழக்கம். அதைத் திருப்பிப் போட வேண்டும். கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே, உங்கள் வகுப்பில் ஆண்டுதோறும் எந்த இடத்தில் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து, ஒரே ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். “மெல்லக் கற்கும் மாணவர்களை மேம்படுத்துதல்” போன்ற அகன்ற தலைப்பு உதவாது. எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் 1/3, 1/4 என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதி எது பெரியது என்று கேட்டால், கணிசமான குழந்தைகள் 1/4 என்பார்கள். காரணம் கேட்டால், “மூணைவிட நாலு பெருசு டீச்சர்” என்று தயங்காமல் பதில் வரும். இந்தப் பதிலில் ஒரு தருக்கம் இருக்கிறது. முழு எண்களில் கற்ற விதியைக் குழந்தை நேர்மையாகப் பின்னத்துக்குக் கொண்டுவருகிறது. எனவே “தவறு, உட்கார்” என்பதால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. 24 செ.மீ. நீளமுள்ள இரண்டு காகிதத் துண்டுகளைக் கொடுத்து, ஒன்றை 8 செ.மீ. வீதம் மூன்றாகவும் மற்றொன்றை 6 செ.மீ. வீதம் நான்காகவும் ஸ்கேலால் குறித்து மடிக்கச் சொல்லலாம். அளக்காமல் மடிக்கவிட்டால் மூன்று மடிப்பில் ஒன்று அகலமாகவும் ஒன்று குறுகலாகவும் வந்து குழப்பம் கூடிவிடும் என்பதை முதல் தடவையே நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். இரு மடிப்புகளையும் அருகருகே வைத்த பிறகு, பங்கு போடும் ஆள் கூடினால் ஒவ்வொருவர் பங்கும் குறையும் என்பதைக் குழந்தைகளே சொல்வார்கள். பத்து நாள் கழித்து 2/5, 2/7 என்று வேறு எண்களில் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பழைய விதிக்கே திரும்பினார்கள் என்பதை எழுதிவைத்தால், உங்களிடம் ஒரு முன்தேர்வு, ஒரு தலையீடு, ஒரு பின்தேர்வு மூன்றும் சேர்ந்துவிட்டன. செயலாய்வு என்று பெரிதாகப் பேசப்படுவது அடிப்படையில் இவ்வளவுதான்.

இந்தக் கேள்வியோடு பயிற்சிக்குச் செல்பவருக்கும் வெறுங்கையோடு செல்பவருக்கும் கிடைப்பவை வெவ்வேறு. பயிற்சி நடத்தும் கருத்தாளர் பின்னத்தைப் பற்றிப் பேசாமலே போகலாம். ஆனால் தேநீர் இடைவேளையில் பக்கத்து ஒன்றியத்து ஆசிரியரிடம் கேட்பதற்கு உங்களிடம் ஒரு செய்தி இருக்கிறது.

படி 2: அருகில் இருப்பவற்றை முதலில் பயன்படுத்துங்கள்

அருகிலுள்ள சில பள்ளிகளுக்கான குறுவள மையக் கூட்டம், வட்டார வள மையப் பயிற்சி, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், சென்னையிலுள்ள மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் என்ற நான்கு அடுக்குகளை நாம் அறிவோம். மேலே தயாராகும் பயிற்சிக் கட்டகம் மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர் என்று இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்திவிடுகிறது. மூன்று நாளில் மேலே நடந்தது கீழே ஒரு நாளாகச் சுருங்கும்போது, முதலில் வெட்டுப்படுவது செயல்பாடும் கலந்துரையாடலும்தான், எஞ்சுவது படவில்லைகள். இது யாருடைய சோம்பலாலும் நேர்வதில்லை, அமைப்பின் இயல்பிலேயே இருக்கும் குறை.

அதை ஈடுசெய்ய ஒரு வழி உண்டு. கட்டகத்தின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கி, பயிற்சிக்கு முன்தினம் ஒருமுறை படித்துவிடுங்கள். 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு, அடிப்படை எழுத்தறிவு எண்ணறிவுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது, ஆசிரியர் கையேட்டை முன்கூட்டியே படித்து வந்தவர்கள் கேட்ட கேள்விகளால் பயிற்சி அறையின் போக்கே மாறியதைப் பார்த்திருக்கிறேன். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் குழந்தைகளைப் பிரித்து ஒரே வகுப்பில் கற்பிப்பது எப்படி என்பது கட்டகத்தில் தெளிவாக இருந்தது. நாற்பது பேர் உள்ள அறையில் மொட்டுக் குழுவோடு உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம் மற்ற இரு குழுக்களும் என்ன செய்யும் என்ற கேள்வி ஓர் ஆசிரியையிடமிருந்துதான் வந்தது.

மாவட்டப் பயிற்சி நிறுவனத்தைப் பலர் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு நடக்கும் இடமாக மட்டுமே எண்ணுகிறார்கள். செயலாய்வுக்கு வழிகாட்டுவதும் அதன் பணியே. முன்னே சொன்ன பின்னக் கணக்குக் குறிப்புகளை இரண்டு பக்கமாக எழுதி அங்குள்ள கணித விரிவுரையாளரிடம் கொடுத்தால், அதை முறையான ஆய்வாக மாற்றுவதற்கு உதவி கிடைக்கும். வட்டாரக் கருத்தாளராகப் பணிபுரிய விருப்பம் இருந்தால் அதையும் தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஒரு பாடத்தைப் பிற ஆசிரியர்கள் முன் நடத்திக் காட்டுவதைப்போல அதை ஆழமாகப் படிக்கவைப்பது வேறொன்றும் இல்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரிய (சி.பி.எஸ்.இ.) பள்ளிகளில் பணிபுரிவோருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரம் கட்டாயம். அதில் 25 மணி நேரம் வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனங்களோ நடத்தும் பயிற்சியாகவும், மீதி பள்ளி அளவிலும் அமையலாம். பள்ளி அளவிலான பகுதியைத்தான் பல நிர்வாகங்கள் ஒப்புக்கு நடத்தி முடிக்கின்றன. ஆசிரியர்களே ஒருவர் வகுப்பில் ஒருவர் அமர்ந்து பார்த்துப் பேசுவதை அந்த மணிக்கணக்கில் சேர்க்கும்படி நிர்வாகத்திடம் கேட்கலாம்.

படி 3: இணையவழிப் படிப்புகளை அளவோடு எடுங்கள்

2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட, பாடப்பொருளும் பயிற்சியும் தரும் மத்திய அரசின் தீக்‌ஷா தளம் நமக்குப் பழகியதே. 2019இல் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய நிஷ்டா என்னும் தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டம், பெருந்தொற்றின்போது தீக்‌ஷாவுக்கு மாறியது. தொடக்கநிலைக்கு 18 கட்டகங்கள், பின்னர் உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கு ஒரு தொகுப்பு, அடிப்படை எழுத்தறிவு எண்ணறிவுக்கு 12 படிப்புகள் என்று விரிந்தது. காணொளியை ஓடவிட்டு இட்லிக்கு மாவு கரைத்தவர்கள் நம்மில் உண்டு, மறுக்க வேண்டாம். பயன் வேண்டுமானால் ஒரு சமயத்தில் ஒரு கட்டகம், அதிலிருந்து ஒரு செயல்பாடு, அதை அதே வாரம் வகுப்பில் செய்துபார்ப்பது என்ற வரம்பை வைத்துக்கொள்ளலாம். சான்றிதழில் பெயர் பிழையாக அச்சாவது அடிக்கடி நேரும் தொல்லை. படிப்பில் சேருமுன் தளத்தில் உள்ள உங்கள் பெயர், முன்னெழுத்து, பள்ளி விவரங்கள் ஆகியவை பணிப்பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

உயர்கல்விப் படிப்புகளை இணையத்தில் தரும் ஸ்வயம் தளம் வேறு வகை. படிப்பது இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கு மட்டும் கட்டணம். ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இருமுறை படிப்புகள் தொடங்குகின்றன. அதன் ஓர் அங்கமான, ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்பிடெல் படிப்புகளில் வாரந்தோறும் தரப்படும் ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. முதுகலை ஆசிரியர்கள் தம் பாட அறிவைப் புதுப்பித்துக்கொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. பட்டம் பெற்று இருபது ஆண்டுகளான இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பன்னிரண்டு வாரம் மின்காந்தவியல் படித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் திரும்பும்போது, பாடநூலின் அதே பக்கங்கள் வேறு மாதிரித் தெரியும். 2023இல் வந்த மணற்கேணி செயலியின் காணொளிகள் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டவையே என்றாலும், உங்களுக்கு வராத பாடப் பகுதியை வேறொருவர் எப்படி விளக்குகிறார் என்று பார்க்க உதவும்.

படி 4: தங்கிப் படிக்கும் பயிற்சிகளுக்கு ஒருமுறையாவது செல்லுங்கள்

பணிக்காலத்தில் ஒரு முறையேனும் ஊரை விட்டு வெளியே சென்று, சில நாட்கள் மாணவராக மட்டுமே இருந்துவிட்டு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல வாய்ப்புகள் சில உள்ளன.

ஆங்கிலப் பாட ஆசிரியர்களுக்குப் பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் இருக்கிறது. 1963 முதல் செயல்படும் இந்நிறுவனத்தின் 30 நாள் சான்றிதழ்ப் படிப்புக்குத் தென் மாநிலங்களிலிருந்து ஆசிரியர்கள் அனுப்பப்படுகிறார்கள். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் கீழ் இயங்கும் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் தென் மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவானது. அறிவியல், கணித ஆசிரியர்களுக்கு இந்திய அறிவியல் கழகம், கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சல்லகெரே அருகேயுள்ள வளாகத்தில் திறன் மேம்பாட்டு மையம் ஒன்றை நடத்துகிறது. அங்கே சோதனைகளை ஆசிரியர்களே தம் கையால் செய்கிறார்கள். பத்தாண்டுகளாக ஆய்வகப் பூட்டைத் திறக்காதவருக்கு இது பெரிய மாற்றம். மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையமும் ஆசிரியர் பயிலரங்குகளை நடத்துகிறது. கலை வழியாகப் பாடம் நடத்த விரும்புவோருக்குப் புது தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு 1979 முதல் இயங்கும் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் பொருத்தமானது. பொம்மலாட்டத்தைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தும் பயிலரங்கு அதன் தனித்தன்மை.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நீங்கள் நேரடியாகப் போய்ச் சேர முடியாது; பள்ளிக் கல்வித் துறையே பெயர்களைப் பரிந்துரைக்கும். எனவே சுற்றறிக்கை முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு வந்து, அலுவலக அறையில் இரண்டு நாள் கிடந்து, கடைசித் தேதிக்கு முன்தின மாலை உங்கள் கண்ணில் படும் என்ற நிலைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். தன்விவரக் குறிப்பையும் சான்றிதழ் நகல்களையும் எப்போதும் ஒரே கோப்பில் வைத்திருப்பதுதான் அதற்கு வழி.

வெளிநாட்டு வாய்ப்புகளும் உண்டு. தமிழ்நாடு அரசின் கனவு ஆசிரியர் தேர்வில் சிறந்து விளங்கிய 55 ஆசிரியர்கள் 2024 அக்டோபரில் பிரான்சுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஜப்பானிய அரசு வழங்கும் ஆசிரியர் பயிற்சி உதவித்தொகையைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. ஐந்தாண்டு கற்பித்தல் அனுபவம் உள்ள, 35 வயதுக்கு உட்பட்ட ஆசிரியர்கள் ஒன்றரை ஆண்டு வரை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பயிலலாம். முதல் ஆறு மாதம் பெரும்பாலும் மொழி கற்பதில் போகும். எதற்கு விண்ணப்பித்தாலும் கடவுச்சீட்டுக்கும் பயணத்துக்கும் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படும்; அதைப் பெறுவதற்கே மாதக்கணக்கில் ஆகலாம்.

படி 5: ஒரு பாட அமைப்பில் உறுப்பினராகுங்கள்

அரசாணை எதுவும் இல்லாமல், தாமே விரும்பிக் கூடும் ஆசிரியர்களோடு இருப்பது ஒரு தனி வகைப் பயிற்சி. சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து செயல்படும் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் 1965இல் தொடங்கப்பட்டது. ஆண்டு மாநாடு, இதழ், மாணவர்களுக்கான கணிதத் திறனறித் தேர்வு என்று இயங்குகிறது. ஆங்கில ஆசிரியர்களுக்கு 1974இல் சென்னையில் தோன்றிய இந்திய ஆங்கில மொழி ஆசிரியர்கள் சங்கம் உண்டு. இவற்றின் மாநாடுகளில் கட்டுரை வாசிக்கப் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. காகிதத் துண்டு மடித்த கதையை ஒழுங்காக எழுதினால் அதுவே கட்டுரை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம், அதன் சிறுவர் அறிவியல் இதழான துளிர் ஆகியவற்றோடு தொடர்பு வைத்திருப்பவர்களுக்கு எளிய பொருட்களைக் கொண்ட சோதனைகளுக்குப் பஞ்சமே வராது. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு மாணவர்களை வழிநடத்துவதும் ஆசிரியர் தாமே ஆய்வு செய்யக் கற்கும் வழிகளுள் ஒன்று.

படி 6: தேர்வுகளையும் பட்டங்களையும் தள்ளிப்போடாதீர்கள்

இந்த ஆண்டுகளில் ஆசிரியர் அறைகளில் மற்ற எல்லாப் பேச்சையும் அடக்கிவிட்ட செய்தி ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுள், ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு கோர முடியாது. சிறுபான்மையினர் பள்ளிகள் குறித்த கேள்வி பெரிய அமர்வின் பரிசீலனைக்கு விடப்பட்டது. இருபது ஆண்டுகள் கற்பித்தவரைப் புதிதாகத் தேர்வெழுதச் சொல்வது நியாயமா என்ற மனக்குமுறல் எனக்கும் உண்டு. ஆனாலும் குமுறலுக்கு நடுவே படிக்கவும் தொடங்கிவிட வேண்டும்.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்களில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் 30, மொழிப் பாடம் 30, ஆங்கிலம் 30, எஞ்சிய 60 கணிதமும் அறிவியலுமாகவோ சமூக அறிவியலாகவோ அமையும். நீண்டநாள் கணக்கு நடத்தியவர் தம் பாடத்தில் சறுக்கமாட்டார். சறுக்கும் இடம் தமிழ் இலக்கணமும் குழந்தை உளவியலுமே. ஆறு முதல் பத்து வரையிலான தமிழ்ப் பாடநூல்களின் இலக்கணப் பகுதிகளை நாளுக்கு ஒன்றாகப் படிக்கலாம். உளவியலை வகுப்போடு சேர்த்துப் படித்தால் நிற்கும். பியாஜே கூறும் அளவு மாறாக் கருத்தை மனப்பாடம் செய்வதற்குப் பதில், ஓர் அகன்ற டம்ளர் தண்ணீரை ஒல்லியான பாட்டிலில் ஊற்றி, இப்போது தண்ணீர் கூடியிருக்கிறதா என்று முதல் வகுப்புக் குழந்தையிடம் கேளுங்கள். அது சொல்லும் பதில் தேர்வு வரை மறக்காது.

பதவி உயர்வை எதிர்பார்ப்போர் அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே, டிசம்பர் மாதங்களில் நடத்தும் துறைத் தேர்வுகளை இளம் வயதிலேயே முடித்துவிடுவது நல்லது. பணிமூப்புப் பட்டியல் தயாராகும் வேளையில் அலுவலகக் கணக்குத் தேர்வில் ஒரு தாள் நிலுவையில் இருந்ததால் காத்திருந்தவர்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

உயர்கல்வியில் ஒரு மாற்றத்தை நினைவில் கொள்ள வேண்டும். முன்பு கூடுதல் பட்டத்துக்கு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது. 2020 மார்ச் 10 அன்று வந்த அரசாணையோடு அது நின்றது, பின்னர் ஒருமுறை மட்டும் தரும் தொகை என்று மாறியது. ஆகவே பணத்துக்காக மட்டும் எம்.எட். சேருவதில் இப்போது பெரிய பொருள் இல்லை. படிக்க ஆசை இருந்தால் சேரலாம். சேருமுன் துறையின் முன் அனுமதியை எழுத்தில் பெற்றாக வேண்டும். எனக்குத் தெரிந்த பட்டதாரி ஆசிரியர் ஒருவர் வாய்மொழியாகத் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அஞ்சல்வழியில் முதுகலை முடித்தார். பட்டத்தைப் பதிவுசெய்யச் சென்றபோது அனுமதி ஆணையின் எண்ணும் நாளும் கேட்கப்பட்டன. தலைமையாசிரியர் அதற்குள் ஓய்வுபெற்றிருந்தார். பட்டம் கையில் இருந்தது. பதிவேட்டில் ஏற நான்கு ஆண்டுகள் ஆயின.

படி 7: விண்ணப்பத்தில் உங்கள் வகுப்பை எழுதுங்கள்

பயிற்சிக்கோ விருதுக்கோ விண்ணப்பிக்கும்போது “கற்பித்தலில் மிகுந்த ஆர்வமும் அர்ப்பணிப்பும் உடையவன்” என்று எழுதுகிறோம். தேர்வுக் குழுவின் மேசையில் கிடக்கும் அத்தனை விண்ணப்பங்களும் அதையே சொல்கின்றன. மாறாக, “ஆறாம் வகுப்பில் 1/3, 1/4 ஆகியவற்றை ஒப்பிட 31 பேரில் 19 பேருக்கு முடியவில்லை, காகிதத் துண்டு கொண்டு மூன்று பாடவேளைகள் நடத்தியபின் 6 பேருக்கு முடியவில்லை, அந்த ஆறு பேருக்கு என்ன செய்வதென்று அறியவே இப்பயிலரங்குக்கு விண்ணப்பிக்கிறேன்” என்று ஒருவர் எழுதியிருந்தால், குழுவினர் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைப்பார்கள். உங்கள் எண்கள் எதுவானாலும் அவை உண்மையாக இருக்க வேண்டும். நேர்காணலில் முதல் கேள்வி அதிலிருந்தே வரும்.

படி 8: திரும்பிய வாரத்தில் செய்ய வேண்டியவை

பயிற்சி முடிந்த நாளிலேயே வருகைச் சான்றையும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆணையின் நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு அனுப்பிவைக்கிறோம் என்ற சொல்லை நம்பி ஊர் திரும்ப வேண்டாம். ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு புதிய செயல்பாட்டை வகுப்பில் செய்து, நடந்ததை அரைப் பக்கம் தேதியோடு எழுதுங்கள். சரியாக வராததையும் எழுதுங்கள், அடுத்த கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் பிறக்கும். சக ஆசிரியர்களிடம் உணவு இடைவேளையில் பதினைந்து நிமிடம் அதைப் பகிர்ந்தால் போதும், தனிக் கூட்டம் வேண்டியதில்லை.

துறைத் தேர்வுத் தேர்ச்சி, பட்டம், நீண்டகாலப் பயிற்சி ஆகியவை பணிப்பதிவேட்டில் ஏறுவதற்கு உரிய விண்ணப்பத்தைச் சான்றுகளோடு தலைமையாசிரியர் வழியாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டை நேரில் பார்த்து, பதிவின் கீழ் அலுவலரின் கையொப்பமும் நாளும் உள்ளனவா என்று சரிபாருங்கள். கையொப்பமில்லாத பதிவு ஓய்வூதியக் கருத்துரு அனுப்பும் நேரத்தில்தான் கண்ணில் படும். அப்போது அதில் கையொப்பமிட வேண்டியவர் எந்த மாவட்டத்தில் இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.